உறவினர் அல்லாத இருவர்

மகளிர் விடுதி,
ஜூலை 6

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நான் நல்லா இருக்கேன். உங்க இடுப்பு எப்படி இருக்கு? போன தடவை "பரவாயில்லை"ன்னு ஒரே வார்த்தையில முடிச்சிட்டீங்க. பரவாயில்லைன்னா குறைஞ்சிருக்கா, இல்லை பழகிடுச்சா? அந்த மலைக்கு எப்பத்தான் டவர் போடுவாங்களோ. இந்தக் காலத்துல தபால்காரர் வழியைப் பார்த்து உட்கார்ந்திருக்கற ஆள் இந்த ஹாஸ்டல்லயே நான் ஒருத்திதான்.

இப்ப விஷயத்துக்கு வரேன். கடைசி வருஷம் ஆரம்பிச்சாச்சு. பிளேஸ்மென்ட் சார் முதல் நாளே வந்து, எல்லாரும் ரெசியூம் எழுதிட்டு வாங்கன்னுட்டார். போன வருஷம் படிச்ச ஒரு அக்காவோட ரெசியூமை வாங்கி மொத்த வகுப்பும் பேரை மட்டும் மாத்திக்கிச்சு. அதனால எங்க எல்லாருக்கும் ஒரே குறிக்கோள்: "சவால்கள் நிறைந்த பணிச்சூழலில் என் திறமைகளை முழுமையாக வெளிப்படுத்துதல்." என் பக்கத்து பெஞ்சுக்காரி அந்த அக்காவோட செல் நம்பரைக்கூட மாத்தாம கொடுத்துட்டா. நான் மட்டும் சொந்தமா எழுதறேன்னு வீம்புக்கு உட்கார்ந்தேன். பேர், பிறந்த தேதி, மார்க், கம்ப்யூட்டர் தெரியும். முடிஞ்சு போச்சு. இவ்வளவு வருஷம் வாழ்ந்ததுக்கு அரைப் பக்கம்தான் தேறுது.

நான் போட நினைக்கறது குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்துக்கு. ஆறு மாசப் பயிற்சி. நல்லா செஞ்சா அங்கேயே வேலைக்கு வெச்சுப்பாங்க. எங்க காலேஜுக்கு ஒரே ஒரு இடம்தான். மத்ததெல்லாம் சோப்புக் கம்பெனியும் பெயின்ட் கம்பெனியும். இந்தத் தண்ணியைக் குடிக்கலாம், இதைக் குடிக்கக் கூடாதுன்னு சொல்ற வேலை எனக்குப் பிடிச்சிருக்கு. எனக்கு அந்த இடம் வேணும் சித்தப்பா.

அவங்க ரெசியூம் கடைசியில ரெண்டு பேரோட பேரும் விலாசமும் கேட்கறாங்க. "விண்ணப்பதாரரை ஐந்து ஆண்டுகளுக்கு மேல் அறிந்த, உறவினர் அல்லாத இருவர்." ஒண்ணு ஸ்கூல் கெமிஸ்ட்ரி மிஸ். ரெண்டாவதுக்கு ஆளே இல்லை. நாமதான் வீடு மாத்திக்கிட்டே இருந்தோமே, அஞ்சு வருஷம் யார் நம்மளைப் பார்த்தாங்க? வார்டனுக்கு என்னை ரெண்டு வருஷமாத்தான் தெரியும். அப்பத்தான் பொறி தட்டுச்சு. நீங்க இருக்கீங்களே! அம்மா உங்களைக் கல்யாணம் பண்ணிக்கிட்டப்ப எனக்குப் பத்து வயசு. சர்டிஃபிகேட்ல அப்பா பேர் வேற, இன்ஷியலும் அவரோடது. அம்மாவும் இப்ப இல்லை. பேப்பர்ல பார்த்தா நீங்களும் நானும் ஒண்ணுமே இல்லை. ரூலுக்குக் கச்சிதமா பொருந்தறீங்க. உங்க பேரைப் போட்டுக்கட்டுமா?

மாத்திரையை மறக்காதீங்க. கம்பளியைத் துவைக்கக் கொடுங்க.

இப்படிக்கு,
பாப்பா


சுரங்க முகாம்,
ஜூலை 19

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் லெட்டர் வெள்ளிக்கிழமை வேன்ல வந்தது. நீ சௌக்கியமா இருக்கறது தெரிஞ்சு சந்தோஷம். இடுப்பு குறையலை, பழகிடுச்சு. கேட்டியேன்னு சொல்றேன்.

இங்க சுரங்கம் பாதி மலைக்குள்ள போயாச்சு. உள்ளே காத்து அனுப்பற காத்தாடி நின்னா ஆளுங்க மூச்சு விட முடியாது, அதனால என் கரன்ட் வேலைக்கு ஓய்வே கிடையாது. என் ரூம்ல ஒரு வெல்டர் இருக்கான். நல்ல பையன், குறட்டைதான் தாங்க முடியலை.

அரைப் பக்கம்னு எப்படிச் சொல்றே? நான் உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன், எனக்கு ரெண்டு பக்கம் வந்தது. காஸ் அடுப்புல கசிவு இருக்குன்னு சோப்புத் தண்ணி தடவிக் கண்டுபிடிச்சது யார்? எட்டாவது படிக்கறப்ப, மொட்டைமாடித் தொட்டியில அணில் செத்துக் கிடக்குன்னு தண்ணியை மோந்து பார்த்தே சொன்னே. வீட்டு ஓனர் நம்பாம மேலே ஏறிப் பார்த்துட்டு, மூக்கைப் பிடிச்சுக்கிட்டு இறங்கினார். தண்ணி வேலைக்கு இதை விட என்ன வேணும்? போடு. மிக்ஸிக்கு கார்பன் மாத்துவே, அதையும் போடு. எங்க சைட் பாரத்துல உயரம், எடை, ரத்த வகை எல்லாம் கேட்பாங்க, அதுவும் இருக்கட்டும். கண்ணாடி போடறதையும் எழுதிடு. பின்னாடி மறைச்சிட்டேன்னு ஒருத்தரும் சொல்லக் கூடாது.

குறிக்கோள்னா சம்பளம் வாங்கறதுதான். ஏன் சுத்தி வளைக்கறாங்கன்னு தெரியலை.

மத்ததை யோசிச்சு எழுதறேன். வேன்காரர் ஹாரன் அடிக்கறார். உடம்பைப் பார்த்துக்கோ.

இப்படிக்கு,
சித்தப்பா


விடுதி,
ஜூலை 28

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நலம். மழை ஆரம்பிச்சு துணி எதுவும் காயலை, அது ஒண்ணுதான் குறை.

நீங்க சொன்னதை நம்பி ரெண்டு பக்கம் எழுதிட்டுப் போனேன். பிளேஸ்மென்ட் சார் சத்தமா படிக்க ஆரம்பிச்சுட்டார். எடைக்கு வந்ததும் நிறுத்தி, "ஏம்மா, மல்யுத்தத்துக்கா போறே?"ன்னார். வகுப்பே சிரிச்சுது. அணிலைச் சிவப்பு மையில அடிச்சிட்டார். மிக்ஸியும் போச்சு. சோப்புத் தண்ணியை மட்டும் கொஞ்ச நேரம் பார்த்துட்டு, "இது இருக்கட்டும், ஆனா ஒரே வரியில எழுது"ன்னார். இப்ப ஒரு பக்கத்துல வந்து நிக்குது. பார்க்கறதுக்கு மனுஷி எழுதினது மாதிரி இருக்கு. இனிமே உங்க யோசனையைக் கேட்கறதா இல்லை.

ஆனா கேட்டதுக்கு மட்டும் நீங்க பதில் சொல்லலை. ரெண்டாவது ஆளா உங்க பேரைப் போடலாமா, கூடாதா? உங்க வேலையோட சரியான பேரும் முகாம் விலாசமும் வேணும். ஆகஸ்ட் நடுவுல கொடுத்தாகணும். நீங்க டவுனுக்கு இறங்கினா ஒரு போன் அடிச்சாக்கூடப் போதும்.

சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடுங்க.

இப்படிக்கு,
பாப்பா


சுரங்க முகாம் எண் 2,
ஆகஸ்ட் 8

அன்புள்ள பாப்பாவுக்கு,

நலம். நீ கேட்டிருந்தபடி என் பெயரைப் பயன்படுத்திக்கொள்ளலாம். பதவி: மின் பணியாளர், முதல் நிலை. விலாசம் மேலே உள்ளது. விண்ணப்பதாரரை எனக்குப் பதினோரு ஆண்டுகளாகத் தெரியும். நேர்மையானவர், நேரம் தவறாதவர். உறவு எதுவும் இல்லை என்பதையும் குறிப்பிடலாம். பேப்பரில் பார்த்தால் அது சரிதான்.

வேறு விசேஷம் இல்லை.

இப்படிக்கு,
மின் பணியாளர் (முதல் நிலை)


விடுதி,
ஆகஸ்ட் 17

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நான் நலம். நீங்க நலமான்னு உங்க லெட்டரை வெச்சுக் கண்டுபிடிக்க முடியலை. என் ரூம்மேட் அதை எட்டிப் பார்த்துட்டு, கரன்ட் ஆபீஸ்லேர்ந்து நோட்டீஸ் வந்திருக்கான்னு கேட்டா.

கோவமா? கோவம்னா திட்டிடுங்க. "நேர்மையானவர், நேரம் தவறாதவர்"னு எனக்கே எழுதாதீங்க, படிக்கறப்ப பயமா இருக்கு. நான் எதையும் மனசுல வெச்சு எழுதலை சித்தப்பா. ரூல் அப்படி இருந்தது, ஆள் கிடைக்கலை, போட்டேன். வேற யாராவது கிடைச்சிருந்தா உங்களைத் தொந்தரவு பண்ணியிருக்க மாட்டேன். ரெசியூமை நேத்து கொடுத்தாச்சு.

மார்க் ஷீட் எடுக்க வீட்டுக்குப் போயிருந்தேன். கதவு மழையில உப்பிப் போய்த் திறக்கவே வரலை, தோளால தள்ளித் திறந்தேன். கீழ்வீட்டு அம்மா, "சித்தப்பா எப்ப வருவார்?"னு கேட்டாங்க. தெரியலைன்னேன். அம்மா போனதுக்கு அப்புறம் நீங்க லீவே எடுக்கலைங்கறது அவங்க கேட்டப்பத்தான் எனக்கு உறைச்சுது. நானும் லீவுக்கெல்லாம் ரூம்மேட் வீட்டுக்குப் போயிடறேன்.

பதில் எழுதுங்க. இடுப்பைப் பத்தியும் எழுதுங்க.

இப்படிக்கு,
பாப்பா


விடுதி,
செப்டம்பர் 15

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நலம். உங்ககிட்டயிருந்து ஒரு வரி வந்து ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. வேன் ஓடலையா, நீங்க எழுதலையா? அங்க மண் சரிஞ்சதுன்னு பேப்பர்ல போட்டிருந்தாங்க. உங்க முகாம் இல்லைன்னு ரெண்டு தடவை படிச்சு உறுதி பண்ணிக்கிட்டேன்.

பரிசோதனைக் கூடத்துல முதல் பட்டியல்ல என் பேர் இருக்கு. மொத்தம் நாலு பேர். அங்கேயிருந்து உங்களுக்குத் தபால்ல ஒரு பாரம் வரும். அதை நிரப்பி நீங்களே அவங்களுக்கு அனுப்பணும். இந்த மாசக் கடைசிக்குள்ள போகலைன்னா என் பேரை எடுத்துடுவாங்க.

இந்த லெட்டரை அதுக்காக மட்டும் எழுதறேன்னு நினைச்சுக்காதீங்க. அதுக்காகவும்தான். ஆனா அது இல்லைன்னாலும் எழுதியிருப்பேன்.

இப்படிக்கு,
பாப்பா


சுரங்க முகாம்,
செப்டம்பர் 27

அன்புள்ள பாப்பாவுக்கு,

நலம். முகாம் ஆஸ்பத்திரியில கொஞ்ச நாள் படுத்திருந்தேன், இடுப்புதான். இப்ப நடமாட்டம் உண்டு. லெட்டர் எழுதாததுக்கு அதையே காரணமா சொல்லிடலாம். ஆனா படுத்திருந்தது இடுப்புதானே, கை நல்லாத்தான் இருந்தது. கோவம்தான்.

"நீங்களும் நானும் ஒண்ணுமே இல்லை"ன்னு எழுதியிருந்தே. நீ விளையாட்டாத்தான் எழுதினேன்னு தெரியும். இருந்தாலும் சுருக்குன்னு தைச்சது. ஏன்னா அதுதான் என் பயமும். உங்க அம்மா இருந்தவரைக்கும் நான் யாருன்னு ஒருத்தரும் கேட்கலை. அவ கூட இருந்தா, அது போதுமா இருந்தது. அவ போனப்புறம் அந்த வீட்டுக்குள்ள நான் எந்த உரிமையில வந்து நிக்கறது? நீ வளர்ந்த பொண்ணு. நீயாக் கூப்பிட்டா வரலாம்னு இருந்தேன். நீ கூப்பிடலை. நான் வரட்டுமான்னு நானும் கேட்கலை. அதான் லீவு எடுக்காத கதை.

பாரம் வந்தது. மூணாவது கேள்வி, "விண்ணப்பதாரர் உங்களுக்கு எந்த வகையிலேனும் உறவா? ஆம் / இல்லை." அதை மடிச்சு தலையணைக்கு அடியில வெச்சுட்டேன். வெல்டர்தான், "கொடுத்துடுங்க, பொண்ணோட வாழ்க்கை"ன்னு சொல்லிக்கிட்டே இருந்தான். "இல்லை"க்கு நேரா டிக் போட்டேன். போட மனசே வரலை. போட்டுட்டேன். உனக்கு அந்த இடம் கிடைக்கணும், அவ்வளவுதான். மத்த கேள்விக்கெல்லாம் நல்ல கையெழுத்துல எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்பியாச்சு. கவலைப்படாதே.

மழையில நனையாதே.

இப்படிக்கு,
சித்தப்பா


விடுதி,
அக்டோபர் 19

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நலம். முகாம் ஆஸ்பத்திரியில இருந்ததை எனக்குச் சொல்லணும்னு தோணலையா? அதுக்குத் தனியா சண்டை இருக்கு.

இப்ப அவசரம். பரிசோதனைக் கூடத்துலேர்ந்து லெட்டர் வந்திருக்கு. அப்படியே எழுதறேன்: "உறவு இல்லை எனக் குறித்துள்ள நபர், படிவத்தின் கீழே 'இப்படிக்கு, சித்தப்பா' என்று கையெழுத்திட்டுள்ளார். நேர்காணலின்போது விண்ணப்பதாரர் உரிய விளக்கம் தரவேண்டும்."

என்ன சித்தப்பா இது? எனக்கு எழுதறப்ப மின் பணியாளர், அவங்களுக்கு எழுதறப்ப சித்தப்பாவா? ரூம்மேட் கட்டில்ல உருண்டு உருண்டு சிரிச்சா. எனக்குச் சிரிப்பே வரலை. பொய் சொன்னேன்னு என்னைத் தள்ளிட்டா? நாலு பேர்ல நல்ல மார்க் எனக்குத்தான் சித்தப்பா, இதுக்காகப் போச்சுன்னா தாங்காது. நவம்பர் ஒன்பது நேர்காணல். நான் என்ன சொல்லட்டும்?

வீட்டைப் பத்தி எழுதியிருந்தீங்க. அதுக்குப் பதில் எழுத மூணு தடவை உட்கார்ந்தேன், வரலை.

இப்படிக்கு,
பாப்பா


சுரங்க முகாம்,
அக்டோபர் 30

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் லெட்டரைப் படிச்சிட்டு தலையில அடிச்சுக்கிட்டேன். உனக்கு எழுதி எழுதி, "இப்படிக்கு"ன்னு போட்டதும் கை அதுபாட்டுக்கு மிச்சத்தைப் போட்டிருக்கு. இத்தனைக்கும் வெல்டர் பக்கத்துல நின்னு பார்த்துக்கிட்டு இருந்தான். அவனுக்கும் தப்பாவே தெரியலையாம்.

நான் யோசிச்சு வெச்சிருக்கறதைக் கேளு. சித்தப்பாங்கறது என் பட்டப்பேர்னு சொல்லிடு. பொய்யும் இல்லை. உன் லெட்டரைப் பார்த்து வெல்டர் ஆரம்பிச்சு வெச்சான், இப்ப முகாம்ல சமையல்காரர்லேர்ந்து இன்ஜினியர் வரைக்கும் என்னை அப்படித்தான் கூப்பிடறாங்க. எல்லாரும் மரியாதைக்குக் கூப்பிடறதுன்னு சொல்லு. அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசாதே. அம்மா கதை, வீட்டுக் கதை எதுவும் எடுக்காதே. எனக்கு அதுல ஒரு வருத்தமும் கிடையாது. அந்த இடம் உனக்கு வரணும்.

முதல் நாளே பஸ் நேரத்தை விசாரிச்சு வெச்சுக்கோ. வெறும் வயித்தோட போகாதே.

இப்படிக்கு,
சித்தப்பா


விடுதி,
நவம்பர் 12

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நான் நல்லா இருக்கேன். முதல்லயே சொல்லிடறேன், இடம் கிடைக்கலை.

பட்டப்பேர்னு சொல்லத்தான் போனேன். பஸ்ல மனப்பாடம் பண்ணிக்கிட்டே போனேன். உள்ளே மூணு பேர், நடுவுல ஒரு மேடம். குளோரின், கடினத்தன்மை, சாம்பிள் எடுக்கற முறை எல்லாம் கேட்டாங்க. எதுலயும் திணறலை. அப்புறம் மேடம் உங்க பாரத்தை எடுத்தாங்க.

"சித்தப்பான்னா, அப்பாவோட தம்பியா?"

"இல்லை மேடம்."

"அம்மாவோட தங்கச்சி வீட்டுக்காரரா?"

"இல்லை மேடம்."

"அப்ப தெரிஞ்சவரை மரியாதைக்குக் கூப்பிடறது. அவ்வளவுதானே?"

அவங்களே வழியைக் காட்டிட்டாங்க சித்தப்பா. நல்ல மேடம். நான் தலையை ஆட்டினா போதும், பேனாவைத் திறந்து வெச்சுக்கிட்டு இருந்தாங்க. எனக்கு ஆட்ட வரலை. நீங்க "இல்லை"ன்னு போட்ட டிக் எதிர்ல தெரிஞ்சுது. அதுல மட்டும் மை ரெண்டு தடவை ஓடியிருந்தது.

"இல்லை மேடம். எங்க அம்மாவுக்கு ரெண்டாவது வீட்டுக்காரர். பத்து வயசுலேர்ந்து என்னை வளர்த்தவர். எனக்கு இருக்கற ஒரே உறவு அவர்தான். அந்த இடத்துல அவர் பேரைப் போட்டது என் தப்பு. 'இல்லை'ன்னு அவர் எழுதினது எனக்காக"ன்னேன். மேடம் பாரத்தை இன்னொரு தடவை படிச்சாங்க. "இவரை எடுத்துட்டா உன் விண்ணப்பம் முழுமையாகாதே"ன்னாங்க. தெரியும் மேடம்னேன். உங்க பேரை ஒரு கோடு போட்டு அடிச்சாங்க.

இன்னிக்குப் பட்டியல் வந்துடுச்சு. இடம் பக்கத்து பெஞ்சுக்காரிக்கு. அவளுக்கு வந்த நல்ல சேதிகூட அந்த அக்கா செல்லுக்குப் போய், அவங்க கூப்பிட்டுச் சொல்லித்தான் இவளுக்குத் தெரிஞ்சுதாம். நான் குளியலறையில குழாயைத் திறந்து விட்டுட்டு அழுதேன். பொய் சொல்லலை, ரொம்ப வலிக்குது. அந்த வேலை எனக்கு வேணும்னு எவ்வளவு ஆசைப்பட்டேன்னு உங்களுக்குத் தெரியும். நாளைக்குப் பெயின்ட் கம்பெனிக்கு எழுதிப் போடறேன். ரெண்டாவது ஆளா வார்டன் பேர். அவங்க அஞ்சு வருஷமெல்லாம் கேட்கலை.

நீங்க வீட்டைப் பத்தி எழுதினதுக்கு இதுதான் என் பதில். எந்த உரிமையில வர்றதுன்னு இனிமே கேட்கக் கூடாது. டிசம்பர் இருபதுக்கு எனக்கு லீவு விடறாங்க. நான் ரூம்மேட் வீட்டுக்குப் போகலை, நம்ம வீட்டுக்குப் போறேன். நீங்களும் வாங்க. நான் கூப்பிடறேன்.

இப்படிக்கு,
பாப்பா


சுரங்க முகாம்,
நவம்பர் 24

அன்புள்ள பாப்பாவுக்கு,

நலம். உன் லெட்டர் வந்தது.

நான் அவ்வளவு தூரம் சொல்லியும் கேட்காம, கைக்கு வந்ததை விட்டுட்டு வந்திருக்கே. அந்த மேடமே தலையை ஆட்டுன்னு சொல்றாங்க, உனக்கு என்ன வந்தது? உங்க அம்மாவும் இப்படித்தான். ஒண்ணு மனசுல பட்டுட்டா எதிர்ல சுவரே இருந்தாலும் நிக்க மாட்டா. என்னாலதானே போச்சுன்னு மனசு அடிச்சுக்குது. வெல்டர் என்னைச் சாப்பிட வைக்கப் படாத பாடு பட்டான். பெயின்ட் கம்பெனியில கேட்கறதுக்கெல்லாம் ஒழுங்கா பதில் சொல்லு. அடுத்த வருஷம் தண்ணிக்காரங்களுக்கு மறுபடி எழுதிப் போடு, விடாதே.

லீவு எழுதிக் கொடுத்துட்டேன். எத்தனை நாள் வேணும்னு மேனேஜர் கேட்டார். இத்தனை வருஷம் எடுக்காததுல பாதியைக் கொடுங்கன்னேன். இருபத்தோராம் தேதி காலையில வந்துடுவேன். கதவு உப்பியிருக்குன்னு எழுதியிருந்தே, மரத்தைச் சீவி விட இழைப்புளி கொண்டு வரேன். நீ தோளால தள்ளாதே.

உடம்பைப் பார்த்துக்கோ.

இப்படிக்கு,
சித்தப்பா

பி.கு: மேலே எழுதினதெல்லாம் நிஜம். ஆனா இதையும் சொல்லிடறேன். பெத்து வளர்த்த பொண்ணுக்கு வேலை கிடைக்கலைன்னு வந்த லெட்டரைப் படிச்சிட்டு, வெளியே போய் நின்னு சந்தோஷப்பட்ட ஆள் இந்த உலகத்துல நான் ஒருத்தனாத்தான் இருப்பேன். பெத்துன்னு எழுதிட்டேன். அடிக்கலை, இருக்கட்டும்.